எழுதாத கை

அத்தியாயம் 6

பிளேடு செய்தது ஒன்றே ஒன்றுதான். செல்போனில் சார்ஜ் எட்டு சதவீதம் இருந்தது. சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. அதில் ஏதோ ஒன்று செருகியிருந்தது. அந்த ஏதோ ஒன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தன் சார்ஜரைச் செருகினான்.

முக்கால் மணி நேரம் கழித்து அந்த ஏதோ ஒன்று ஊளையிட ஆரம்பித்தது. அது ஒரு ஃப்ரீசர். மைனஸ் எண்பது டிகிரி குளிரில், இருநூறு பேருடைய ரத்தத்தைச் சுண்டுவிரல் அளவு டியூப்களில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஃப்ரீசர். பிளேடுடைய போன் அப்போது அறுபத்திரண்டு சதவீதம் ஏறியிருந்தது.

லேப் டெக்னீஷியன் ஓடி வரவில்லை, நடந்து வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு, இஸ்திரி போட்ட மாதிரியே ஒரு முகம். பிளக்கைப் பார்த்தார், சார்ஜரைப் பார்த்தார், கடைசியாகப் பிளேடைப் பார்த்தார். திட்டினால் தேவலை என்று பிளேடு நினைத்தான். அவர் திட்டவில்லை. எல்லாப் பெட்டியையும் பக்கத்து ஃப்ரீசருக்கு மாற்ற வேண்டும், அதுதான் விதி என்று மட்டும் சொன்னார். கையுறை ஒரு ஜோடிதான் இருந்தது. அதை அவனிடம் நீட்டினார். குற்றம் செய்தவனுக்குக் கையுறை எதற்கு என்று பிளேடு வீரம் பேசிவிட்டு, வெறுங்கையால் பெட்டிகளைத் தூக்கினான். ஆறாவது பெட்டியில் விரல்கள் எரிந்தன. பதினோராவது பெட்டியில் எரிச்சல் நின்றது. பதினைந்தாவதில் விரல்களே இல்லை.

எல்லாம் முடிந்ததும் டெக்னீஷியன் ஒரு சின்னக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஒரு கைதான் அதில் நுழையும்.

"எந்தக் கையால எழுதுவீங்க?"

"வலது. ஏன், சொத்து ஏதாவது எழுதி வாங்கப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. வலது கையைத் தண்ணீரில் வைக்கச் சொல்லிவிட்டு ஒரு பெரிய ரெஜிஸ்டரைத் திறந்து எழுதினார். பிளேடு எட்டிப் பார்த்தான். '10.12, அலாரம், பிளக் கழன்றிருந்தது. 10.21, பெட்டிகள் மாற்றப்பட்டன. சேதம் இல்லை.' கழற்றியது யார் என்ற விவரத்துக்கு அங்கே இடமே விடப்படவில்லை.

புரொஃபசர் உள்ளே வந்து யார் செய்த வேலை இது என்று கேட்டபோது, பிளேடு வாயைத் திறப்பதற்குள் டெக்னீஷியன் முந்திக்கொண்டார். "நான்தான் மேடம், கவனிக்கலை." புரொஃபசர் அவரை ஒரு கணம் பார்த்தார். இன்னும் ஒரு நாள்தானே, அதையாவது ஒழுங்காக முடித்திருக்கக் கூடாதா என்ற பார்வை. திரும்பிப் போய்விட்டார்.

பிளேடுக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. கொஞ்ச நாளாகவே அவனுக்கு எதுவும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதுகூட, குக்கரையாவது விட்டுவிட்டுப் போ என்றுதான் அவனுக்குச் சொல்ல வந்தது. அவளும் விட்டுவிட்டுத்தான் போனாள். விசிலை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

இப்போது விரலும் மரத்துவிட்டது. செட் முழுமையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

*

பிளேடு என்பது அவன் பெயரல்ல. அவன் ஜோக் சொன்னால் கேட்பவர்களுக்கு ரத்தம் வரும் என்று பழைய ஆபீசில் யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. அவனுடைய முதலாளி டீச்சர். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திவிட்டு, பிள்ளைகள் போடும் பொய்க் கணக்கைவிடப் பெரியவர்கள் போடும் பொய்க் கணக்கு சுவாரசியமாக இருக்கிறதென்று துப்பறியக் கிளம்பியவர். இன்னமும் சட்டைப் பையில் சிவப்புப் பேனா வைத்திருப்பார்.

டீச்சர் காலையிலிருந்து புரொஃபசரின் அறையில்தான் இருந்தார். பிளேடு ஒரு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனபோது மேஜைமேல் ஒரு வரைபடம் விரித்திருந்தது. படம் முழுக்கப் புள்ளிகள். பக்கத்தில் கண்ணாடி பேப்பர் வெயிட்டுக்கு அடியில் கவிழ்த்து வைத்த ஒரு கடிதம். அது டெக்னீஷியனை வேலையை விட்டு அனுப்பும் கடிதம் என்பதும், நான்கு மணிக்குக் கமிட்டி கூடியதும் அதில் கையெழுத்தாகும் என்பதும் இருவருக்கும் தெரியும். அதற்குள் உண்மை தெரிய வேண்டும், ஆராய்ச்சிக்குக் கெட்ட பெயரும் வரக்கூடாது என்றுதான் புரொஃபசர் வெளியிலிருந்து டீச்சரைக் கூப்பிட்டிருந்தார்.

விஷயம் இதுதான். மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு ஆள் இல்லாத இடத்திலிருந்து குரல் கேட்கும், சந்தேகம் வரும். ஞாபகமும் கவனமும்கூடத் தள்ளாடும். உடம்பில் எங்காவது வீக்கமோ அழற்சியோ இருந்தால் ரத்தத்தில் கூடுகிற சில புரதங்களுக்கும் இந்தத் தள்ளாட்டத்துக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் ஆராய்ச்சி. நோயாளிகளும் வருவார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்களுடைய கூடப்பிறந்தவர்களும் வருவார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு தடவை வரவேண்டும். ஆளுக்கு ஒரு எண். எந்த எண் நோயாளி, எந்த எண் கூடப்பிறந்தவர் என்ற பட்டியல் புரொஃபசரின் இழுப்பறையில் மட்டும் இருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரிந்தால் பரிசோதனையில் பாரபட்சம் வந்துவிடுமாம்.

"அப்போ ரத்தத்தைப் பார்த்தே ஒருத்தருக்கு இது இருக்கா இல்லையான்னு சொல்லிடலாமா?" என்று பிளேடு கேட்டான்.

புரொஃபசர் கண்ணாடியைக் கழற்றினார். சராசரியாகப் பார்த்தால் ஒரு போக்கு தெரியலாம் என்றார். ஆனால் அதையும் ஜாக்கிரதையாகத்தான் சொல்ல வேண்டும் என்றார். தூக்கம், புகை, பருமன் எல்லாவற்றையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்றார். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டபோது பிளேடு தான் என்ன கேட்டோம் என்பதையே மறந்துவிட்டான்.

டீச்சர் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளியைச் சுற்றினார். கூட்டத்தை விட்டுத் தள்ளி ஒற்றையாக நின்றது அது. எண் நாற்பத்தொன்று, ஒரு நோயாளி. முதல் இரண்டு தடவையும் ஒழுங்காக இருந்தார். மூன்றாவது தடவை, டாக்டர் பேசிப் பார்த்து முன்னைவிட நன்றாகத் தேறியிருக்கிறார் என்று மதிப்பெண் போட்டிருக்கிறார். அதே நாளில் எடுத்த ரத்தத்தில் புரதம் எகிறியிருக்கிறது, ஞாபகப் பரிசோதனையில் பாதி மதிப்பெண் போயிருக்கிறது. கூட வந்த உறவினர் எண் அறுபத்தெட்டுக்கோ எல்லாமே கொஞ்சம் மாறியிருக்கிறது. நான்கு மாதமாகச் சேர்த்து வைத்த ரத்தத்தை மொத்தமாகப் பரிசோதித்ததால், இதெல்லாம் போன வாரம்தான் வெளியே வந்தது.

"டியூபைத் தொடுற கை ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் புரொஃபசர். "மாத்தி ஒட்டினா அவர்தான் ஒட்டியிருக்கணும். கேட்டா 'ரெஜிஸ்டர்ல இருக்கு மேடம்'னு மட்டும் சொல்றார்."

*

டீச்சர் எதையும் நடந்து பார்க்காமல் நம்பமாட்டார். ஆனால் நடப்பது எப்போதும் பிளேடுதான்.

அவன் கையில் எண் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்து, ஆராய்ச்சிக்கு வந்தவன் மாதிரி எல்லா அறைக்கும் போய்வரச் சொன்னார். முதல் அறை டாக்டருடையது. நோயாளிகள் மட்டும் அங்கே போய் அரை மணி நேரம் பேச வேண்டும். டாக்டர் வருஷக்கணக்காக அவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர், முகம் தெரியும். உறவினர்களுக்கு அந்த அறை கிடையாது, வெளியே நடைக்கூடத்தில் ஒரு நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் ரத்த அறை. அப்புறம் பென்சில் அறை. இந்த இரண்டு இடத்திலும் பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது, சீட்டில் உள்ள எண்ணை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

ரத்த அறையில் டெக்னீஷியன், அரை மணிக்கு முன்னால் கிண்ணம் கொடுத்த ஞாபகமே இல்லாதவர் மாதிரி நிமிர்ந்தார்.

"எந்தக் கையால எழுதுவீங்க?"

"இன்னும் வலதுதான். மாறினா தகவல் சொல்றேன்."

அவர் இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். ஊசியைப் பார்க்காமல் இருக்கப் பிளேடு பேசிக்கொண்டே இருந்தான். வேலை போகப் போகிறதே, வருத்தமாக இல்லையா என்று கேட்டான். கையை மடக்கச் சொன்னார். நீங்கள் மாற்றி ஒட்டினீர்களா இல்லையா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்டான். கையை விடச் சொன்னார். பிளக் விஷயத்தில் ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டான். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிறகு ரெஜிஸ்டரில் எழுதினார்.

பென்சில் அறையில் இருந்த பெண் பதினைந்து வார்த்தைகளைப் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். பிளேடு ஆறு சொன்னான், அதில் ஒன்று பட்டியலிலேயே இல்லை. அப்புறம் எண்களுக்குக் கீழே குறிகளை வேகவேகமாக வரையும் ஒரு தாள். மரத்த விரல்களால் பென்சில் பிடிபடவில்லை. எவ்வளவு மதிப்பெண் என்று கேட்டதற்கு, இங்கே முடிவு சொல்வதில்லை என்றாள் அவள். பாஸா பெயிலா என்றாவது சொல்லுங்கள் என்றான். சொல்வதில்லை என்றாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். காலையிலிருந்து கேட்ட கேள்வி ஒன்பது. நேரான பதில் பூஜ்யம்.

டீச்சரிடம் இதையெல்லாம் புலம்பலாகத்தான் ஒப்பித்தான். அந்த மனிதர் ஒரே நாளில் இரண்டு தடவை எந்தக் கையால் எழுதுவாய் என்று கேட்கிறார், ஜோசியம் பார்ப்பாரோ என்னவோ என்றான். டீச்சர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு தடவையா?"

"ஆமா டீச்சர். தண்ணியில கை வைக்கறதுக்கு ஒரு தடவை, ஊசி போடறதுக்கு ஒரு தடவை."

"ஊசி எந்தக் கையில?"

"இடது. எழுதாத கையில."

"அடுத்த ரூம் பென்சில் ரூம்," என்றார் டீச்சர் மெதுவாக. "எழுதற கையில குத்தினா வலிக்கும், பென்சில் ஓடாது. அதனால எழுதாத கையில எடுக்கறார். எல்லாருக்கும். எந்தக் கைன்னு எழுதியும் வெக்கறார்."

டெக்னீஷியன் சொன்னது உண்மை. ரெஜிஸ்டரில்தான் இருந்தது.

*

புரொஃபசர் மேஜையில் ரெஜிஸ்டரை விரித்துவைத்து டீச்சர் பாடம் நடத்தினார். நாற்பத்தொன்று: முதல் தடவை இடது கை, இரண்டாவது தடவை இடது கை, மூன்றாவது தடவை வலது கை. அறுபத்தெட்டு: வலது, வலது, இடது.

"டியூபை மாத்தி ஒட்டினா டியூப்தான் மாறும்," என்றார் டீச்சர். "கை எப்படி மாறும்? நாற்பத்தொண்ணாம் சீட்டோட உள்ள வந்த ஆளே வேற ஆள். டெக்னீஷியன் சீட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார், ரெண்டையும் அப்படியே எழுதினார். உங்க கட்டடத்திலேயே ஒழுங்கா வேலை செஞ்ச ஒருத்தரைத்தான் நீங்க வீட்டுக்கு அனுப்பப் போறீங்க."

டாக்டருக்கு முகம் தெரியும், அங்கே ஏமாற்ற முடியாது. ஆகவே சீட்டு கைமாறியது டாக்டர் அறைக்கும் ரத்த அறைக்கும் நடுவில், அந்த நீள பெஞ்சில். புரொஃபசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நோயாளிக்கு ஊசி பயம், பரிசோதனை பயம், அதனால் கூட வந்தவர் அவருக்குப் பதிலாகப் போயிருக்கிறார், அப்படித்தானே என்றார்.

டீச்சர் தலையை ஆட்டினார். அது மட்டும்தான் ஒட்டவில்லை என்றார். நல்லா இருக்கிறவர் நோயாளிக்குப் பதிலாக ரத்தம் கொடுத்தால் நாற்பத்தொன்றின் அளவு இறங்கியிருக்க வேண்டும். ஏறியல்லவா இருக்கிறது.

புரொஃபசர் இழுப்பறையைத் திறக்கவில்லை, சுவர்க் காலண்டரைத்தான் பார்த்தார். இன்று அந்த ஜோடிக்கு நான்காவது முறை. இரண்டரை மணிக்கு வருவார்கள்.

*

மூன்று மணிக்குப் பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் பிளேடு, கையில் காலையில் கொடுத்த போலிச் சீட்டு. மற்ற இரண்டு பேரும் பெண்கள், ஒரே மூக்கு இருவருக்கும். அக்கா தங்கை என்று எழுதி ஒட்டவே தேவையில்லை.

சின்னவள் டாக்டர் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தாள். சுறுசுறுப்பாக இருந்தாள். விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்ப்பு. பெரியவள் ஆபீஸ் உடுப்பில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் ஒரு காதிலிருந்து மறு காதுவரை வளையம் அழுத்தின மாதிரி ஒரு பள்ளம். அடிக்கடி வலது காதைத் தேய்த்துக்கொண்டாள். பிளேடு பேச்சுக் கொடுத்தான். பென்சில் அறையில் பதினைந்துக்கு ஆறு வாங்கின கதையைச் சொன்னான். பட்டியலிலேயே இல்லாத வார்த்தைக்கு போனஸ் மார்க் கேட்டேன், தரமாட்டேன் என்றுவிட்டார்கள் என்றான். சின்னவள் மரியாதைக்குச் சிரித்தாள். பெரியவள் அவன் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தமான கடைத்தெருவில் நின்று ஒருவர் பேச்சை மட்டும் பிரித்துக் கேட்க முயல்கிறவள் மாதிரி.

உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று அவளிடம் கேட்டான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வேலைக் களைப்பு."

பத்தாவது கேள்வி. பிளேடு மனதுக்குள் ஒரு பூஜ்யம் போட்டான். டாக்டர் அறைக்குப் போய்வந்தது சின்னவள் என்பதை மறந்து, இவள்தான் நோயாளி என்றும் முடிவு கட்டினான். பாவம், தங்கைதான் தாங்குகிறாள்போல.

பிறகு அவன் கண்ணெதிரிலேயே அது நடந்தது. ஒளிவுமறைவே இல்லை. பஸ்ஸில் டிக்கெட்டைப் பிடித்துக்கொள்ளக் கொடுப்பதுபோல, சின்னவள் தன் சீட்டை அக்காவிடம் கொடுத்தாள். அக்கா தன்னுடையதைக் கொடுத்தாள். ரத்த அறைக் கதவு திறந்து, நாற்பத்தொன்று என்று டெக்னீஷியனின் தட்டையான குரல் வந்தது. பெரியவள் எழுந்தாள்.

டீச்சர் நடைக்கூடத்தின் மறுமுனையிலிருந்து வந்து அவள் எதிரில் நின்றார். மிரட்டவில்லை. இரண்டு பேரும் வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்த பிள்ளைகள் என்பதுபோல, கொஞ்சம் உள்ளே வாருங்கள் அம்மா என்று மட்டும் சொன்னார்.

*

ஸ்டோர் அறையில் பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவே மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பிளேடு நின்றான். நோயாளிக்கு ஊசி என்றால் பயமா என்று டீச்சர் பெரியவளைப் பார்த்துக் கேட்டார்.

"நோயாளி நான்தான் டீச்சர்," என்றாள் சின்னவள். "எனக்கு ஊசியெல்லாம் பயமில்ல. ஒன்பது வருஷமா மாத்திரை போடறேன், அஞ்சு வருஷமா நல்லா இருக்கேன். ஒரு நாளைக்கு இருபது சட்டைக்குக் கையாலேயே காஜா எடுக்கறேன். இவளைப் பாருங்க. இவளுக்குத்தான் எங்க வீட்டுல ஒண்ணுமில்ல."

பிளேடு பெஞ்சில் கட்டின முடிவு பொத்தென்று விழுந்தது. அவன் பார்த்த நோயாளி நோயாளியில்லை. அவன் பார்த்த தெம்பான ஆள்தான் நோயாளி.

மிச்சத்தையும் சின்னவளே சொன்னாள், அக்கா தடுக்கவில்லை. அக்காவுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. நாளுக்கு எட்டு மணி நேரம் காதில் ஹெட்போன். விழுந்தவர்கள், எரிந்தவர்கள், மூச்சு நின்றவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடுகிறவர்களிடம் முகவரி வாங்கி வண்டி அனுப்ப வேண்டும். ஆறேழு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், ஹெட்போனைக் கழற்றின பிறகும் ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தான். வண்டி எப்ப வரும், வண்டி எப்ப வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பஸ்ஸில் கேட்டான், பாத்திரம் தேய்க்கும்போது கேட்டான். முதலில் களைப்பு என்று நினைத்தாள். தங்கைக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு அந்த மாதிரி ஆட்களைப் பழக்கமுண்டு.

டாக்டரிடம் போனால் ஆபீஸ் ஃபைலில் ஏறிவிடும், ஹெட்போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அக்காவுக்குப் பயம். இதுவரை ஒரு வண்டிகூடத் தப்பாகப் போனதில்லை. ஒவ்வொரு முகவரியையும் இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறாள். அப்போதுதான் அவளுக்கு இந்த யோசனை வந்தது. இந்த இடத்தில் இதே நோய்க்குத்தானே ரத்தம் பார்க்கிறார்கள். தங்கையுடைய எண்ணில் தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டால், கெட்ட முடிவு வந்தால் தங்கையின் டாக்டர் தங்கையைக் கூப்பிட்டுச் சொல்வார். தங்கை வந்து தன்னிடம் சொல்வாள். பெயர் வெளியே வராது, பதில் மட்டும் வந்து சேர்ந்துவிடும்.

"நாலு மாசமா காத்துக்கிட்டு இருக்கா," என்றாள் சின்னவள். "போன் அடிச்சா ஓடறா. ஒண்ணும் வரலை. சரி, நல்லாத்தான் இருக்குபோலன்னு நினைச்சோம். ஆனா அவன் நிறுத்தலை. அதான் இன்னொரு தடவை குடுத்துப் பாக்கலாம்னு வந்தோம்."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, இந்தக் கட்டடத்திலிருந்து எந்த முடிவும் எந்த ஆளுக்கும் போகாது என்பதைச் சொன்னார். டாக்டருக்கும் போகாது. ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற ரத்தம் அப்படித்தான். இருநூறு பேரில் ஒன்றாகப் போய் ஒரு புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

அக்கா அப்போதும் அழவில்லை. வராத ஒரு பதிலுக்கு நான்கு மாதம் காத்திருந்தது தெரிந்தும் அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிளேடுக்கு அந்த முகத்தைத் தெரிந்திருந்தது. தினமும் காலையில் ஷேவ் செய்யும்போது பார்க்கிற முகம்தான்.

புரொஃபசரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என் ரத்தம் என்ன மேடம் சொல்லுது?"

புரொஃபசர் கண்ணாடியில் கை வைத்தார். சராசரியாக என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தனி ஒரு ஆளைப் பற்றி ரத்தம் இப்போதைக்கு எதுவும் சொல்லாது, உங்களுக்கு அது ஏறினதற்குத் தூக்கமில்லாததோ சொத்தைப் பல்லோகூடக் காரணமாக இருக்கலாம் என்றார். அதைவிட நேராக அவருக்குச் சொல்ல வரவில்லை. ஆனால் வேறொன்று செய்தார். முதல் அறை டாக்டர் நான்கு மணி வரைக்கும் இருக்கிறார் என்றார். ஆராய்ச்சிக்காக இல்லை, உங்களுக்காகவே போய்ப் பாருங்கள், எண் வேண்டாம், அங்கே பேசுவது உங்கள் ஆபீசுக்குப் போகாது, நானே அவரிடம் சொல்கிறேன் என்றார். உள்ளே போய் என்னவென்பதை மட்டும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், உங்களுக்காக வேறு யாரும் சொல்ல முடியாது.

கமிட்டிக்கான அறிக்கையை டீச்சர் அங்கேயே நாலு வரியில் எழுதினார். சீட்டுகள் பெஞ்சில் கைமாறியிருக்கின்றன. ரெஜிஸ்டர் அதைக் காட்டியிருக்கிறது. டெக்னீஷியன் மேல் தவறு இல்லை. இனி சீட்டில் முகப்படம் ஒட்டவும். யார், எதற்காக என்ற இடத்தை அவரும் காலியாக விட்டுவிட்டார்.

புரொஃபசர் ரத்த அறைக்குப் போய், நாளைக்கு வழக்கம்போல வாருங்கள் என்று டெக்னீஷியனிடம் சொன்னார். அவர் சரி மேடம் என்றார். வேலை போகும் என்றபோதும் இதே சரியைத்தான் சொல்லியிருப்பார். பின்னாலேயே போன பிளேடு, காலையில் பிளக்கைப் பிடுங்கியது நான்தான் என்று ஒப்புக்கொண்டான். புரொஃபசர் வாயைத் திறப்பதற்குள் டெக்னீஷியன் ரெஜிஸ்டரை மூடினார்.

"எழுதியாச்சு சார். இனி அடிச்சுத் திருத்தக் கூடாது."

அவருடைய உதட்டின் ஓரம் ஒரு நூல் அளவு அசைந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம். கேட்டால் ரெஜிஸ்டரில் இருக்கிறது என்பார்.

*

மூன்று மணி நாற்பது நிமிஷம். பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். எதிரே முதல் அறைக் கதவு. தங்கை தன் சொந்தச் சீட்டோடு ரத்தம் கொடுக்கப் போயிருந்தாள். டீச்சர் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார்.

அக்கா இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டாள். அங்கே போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றாள். தினமும் முன்னூறு பேர் பேசுவதைக் கேட்கிறேன், எனக்குத்தான் சொல்ல வரவில்லை என்றாள்.

பிளேடு பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வலது கை விரல்களில் ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்திருந்தது. உணர்ச்சி திரும்பி வரும்போது வலிக்கத்தான் செய்யும்போல. ஜோக்காக ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தான், ஒன்றும் கிடைக்கவில்லை. தன் குக்கர் கதையைச் சொன்னான். விசில் இல்லாத குக்கரில் எட்டு மாதமாகச் சமைப்பதையும், எதுவும் வேகாமலே சாப்பிடப் பழகிவிட்டதையும் சொன்னான். அது ஜோக்கா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் அவன் வாயைப் பார்த்தபடி கடைசிவரை கேட்டாள்.

"அந்தக் கதவுக்குள்ள சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்க," என்றான். "நான் டாக்டர் இல்ல, ரெஜிஸ்டரும் கிடையாது. இப்பவும் கேக்குதா?"

கேட்டுவிட்டு, பதினோராவது பூஜ்யத்துக்குத் தயாரானான். ஒன்றுமில்லை, களைப்பு என்பாள்.

அவள் வலது காதிலிருந்து கையை எடுத்தாள்.

"கேக்குது," என்றாள். "காலையில எழுந்ததுலேர்ந்து கேக்குது. நீங்க பேசும்போது மட்டும்தான் நிறுத்திக்கறான். அவனுக்கே தாங்கலைபோல."